பர்லிங்கேம்: சீனத்துக்காக வாதாடிய அமெரிக்கர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் தூதர் வேலை என்பது பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, படிப்படியாக உயர்ந்து அடையும் தொழிலாக இருக்கவில்லை. குடியரசுத் தலைவர் மாறியபோதெல்லாம் தூதர்களும் மாறினர். தேர்தலில் கட்சிக்கு உழைத்தவர்களும், தொகுதியைப் பறிகொடுத்த காங்கிரஸ் உறுப்பினர்களும், செய்தித்தாள் ஆசிரியர்களும், குறிப்பாக வழக்கறிஞர்களும் அந்தப் பதவிகளில் அமர்த்தப்பட்டுச் சில ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பினர். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் இன்று ஆவணக் காப்பகங்களில் மட்டுமே வாழ்கின்றன. பாஸ்டன் வழக்கறிஞராக இருந்து சீனத்துக்கு அமெரிக்கத் தூதராகச் சென்று, பிறகு அந்தச் சீனத்தின் தூதராகவே அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் திரும்பி வந்த ஆன்சன் பர்லிங்கேம் அந்தக் கூட்டத்தில் தனித்து நிற்பவர். வலிமை குன்றிய நாடும் சட்டத்தின் முன் வலிய நாட்டுக்கு நிகரானது என்ற ஒரே வாதத்தை அவர் பீஜிங்கிலும் வாஷிங்டனிலும் லண்டனிலும் பெர்லினிலும் எடுத்துரைத்தார். அந்த வாதத்தின் பேரில் 1868இல் எழுதப்பட்ட உடன்படிக்கை அமெரிக்க நீதிமன்றங்களில் அவருடைய மறைவுக்குப் பிறகும் பல ஆண்டுகள் பேசப்பட்டது.

பர்லிங்கேம் 1820 நவம்பர் 14 அன்று நியூயார்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பம் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த காலம் அது. ஒகையோவிலும் மிச்சிகனிலும் வளர்ந்த அவர் டெட்ராய்ட்டில் கல்வி கற்று, ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1846இல் பட்டம் பெற்று, பாஸ்டனில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். அவருடைய பெயர் ஊரில் பரவியதற்குச் சட்ட நுணுக்கத்தைக் காட்டிலும் நாவன்மையே காரணம். அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்று வாதிட்ட ‘சுதந்திர மண்’ இயக்கத்தின் மேடைகளில் அவர் பேசினார். மாசசூசெட்ஸ் மாநில மேலவையில் இடம்பெற்று, 1855இல் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் அவைக்குச் சென்றார். அவர் முதலில் அங்கு சென்றது ‘ஒன்றும் அறியார்’ என்று அழைக்கப்பட்ட அமெரிக்கக் கட்சியின் சார்பில் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து குடியேறுவோரை, அதிலும் கத்தோலிக்கரை, வெறுத்த கட்சி அது. பின்னாளில் குடியேற்ற உரிமையை உலகப் பொது உரிமை என்று எழுதிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டவரின் தொடக்கம் இப்படி இருந்தது. அவர் விரைவிலேயே அதைவிட்டு விலகிப் புதிதாக உருவான குடியரசுக் கட்சியில் சேர்ந்தார் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

நாடு முழுவதும் அவரை அறியச் செய்த நிகழ்ச்சி 1856இல் நடந்தது. அடிமை முறையைக் கடுமையாகத் தாக்கிப் பேசிய மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னரை, தென் கரோலினாவைச் சேர்ந்த பிரதிநிதி பிரஸ்டன் புரூக்ஸ் மே 22 அன்று செனட் அவைக்குள்ளேயே கைத்தடியால் அடித்துக் குற்றுயிராக்கினார். சம்னர் முழுமையாகப் பணிக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஒரு மாதம் கழித்து பர்லிங்கேம் அவையில் எழுந்து, தம் மாநிலத்தின் சார்பில் அந்தச் செயலைக் கோழைத்தனம் என்று கண்டித்தார். புரூக்ஸ் அவரை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அழைத்தார். வட மாநிலத்தவர் இத்தகைய அழைப்புகளை மறுத்து ஒதுங்குவது வழக்கமாக இருக்க, பர்லிங்கேம் அதை ஏற்று, ஆயுதம் துப்பாக்கி, இடம் நயாகரா அருவியின் கனடாப் பக்கம் என்று தெரிவித்தார். பகைவர் வாழும் வட மாநிலங்களைக் கடந்து செல்வது தமக்குப் பாதுகாப்பில்லை என்று கூறி புரூக்ஸ் பின்வாங்க, சண்டை நடக்கவே இல்லை. வடக்கில் பர்லிங்கேம் வீரராகப் போற்றப்பட்டார். எனினும் 1860 தேர்தலில் ஆபிரகாம் லிங்கன் வெற்றி பெற்றபோது, லிங்கனுக்காக ஊர் ஊராகப் பேசிய பர்லிங்கேம் தம் சொந்தத் தொகுதியில் சிறு வித்தியாசத்தில் தோற்றுப்போனார்.

கட்சிக்கு உழைத்துத் தோற்றவருக்குத் தூதர் பதவி கொடுப்பது அன்றைய முறை. லிங்கன் அவரை முதலில் ஆஸ்திரியப் பேரரசுக்குத் தூதராக நியமித்தார். ஆனால் ஆஸ்திரியாவின் ஆட்சியை எதிர்த்து எழுந்த ஹங்கேரியத் தலைவர் கொசூத்தையும், இத்தாலிய விடுதலைக்கு முன்னின்ற சார்டினியாவையும் அவர் வெளிப்படையாக ஆதரித்துப் பேசியவர் என்பதால், வியன்னா அரசு அவரை ஏற்க மறுத்துவிட்டது. ஐரோப்பாவில் வழியில் இருந்தவரை வாஷிங்டன் 1861 கோடையில் சீனத்துக்குத் திருப்பிவிட்டது. சீன மொழி தெரியாதவர், ஆசியாவைக் கண்டறியாதவர், வேறொரு நாடு வேண்டாம் என்று சொன்னதால் அங்கே அனுப்பப்பட்டவர் என்ற நிலையில்தான் அந்தப் பெரும்பணி அவரிடம் வந்து சேர்ந்தது.

அன்றைய சீனத்தை ஆண்டது மஞ்சு இனத்தாரின் சிங் அரசமரபு. இரண்டாம் அபினிப் போரில் பிரிட்டனும் பிரான்சும் 1860இல் பீஜிங்கைக் கைப்பற்றிப் பேரரசரின் கோடை அரண்மனையைக் கொளுத்தியிருந்தன. தோல்வியின் விலையாக, வெளிநாட்டுத் தூதர்கள் தலைநகரிலேயே நிலையாகத் தங்கும் உரிமையைச் சீனம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கடற்கரை நகரங்கள் பலவற்றை வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிட்டதோடு, அங்கே வாழும் மேலைநாட்டினரைச் சீன நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது, அவரவர் நாட்டுத் துணைத்தூதரே விசாரிப்பார் என்ற ‘எல்லை கடந்த நீதி அதிகார’ முறையையும் அது சுமக்க வேண்டியிருந்தது. தெற்கில் தைப்பிங் கிளர்ச்சியாளர்கள் நாட்டின் வளமான பகுதிகளைப் பிடித்து வைத்திருந்தனர். இந்த நெருக்கடிக்கு நடுவே 1861இல் இளவரசர் கோங்கின் தலைமையில் ‘சுங்லி யாமென்’ என்ற அலுவலகம் தோன்றியது. அதுவரை சீனத்தில் வெளியுறவு அமைச்சகம் என்று ஒன்று இருந்ததே இல்லை; தம்மைச் சூழ்ந்த நாடுகளைத் திறை செலுத்துவோராகக் கருதிய பேரரசுக்கு, நிகரான அரசுகளோடு உறவு கொள்ள ஓர் அமைப்பு தேவைப்பட்டிருக்கவில்லை.

பர்லிங்கேம் 1861 அக்டோபரில் தென் சீனக் கரையை அடைந்து, 1862 ஜூலையில் பீஜிங்கில் குடியேறினார். அந்நகரில் நிலையாகத் தங்கிய முதல் அமெரிக்கத் தூதர் அவரே. அவருக்குப் பின்னால் படை எதுவும் இல்லை. அமெரிக்கா உள்நாட்டுப் போரில் மூழ்கியிருந்தது. அந்த இல்லாமையையே அவர் கொள்கையாக்கிக்கொண்டார் என்று சொல்லலாம். பிரிட்டனின் பிரெடெரிக் புரூஸ், பிரான்சின் பெர்தெமி, ரஷ்யாவின் பாலூசெக் ஆகிய தூதர்களோடு நட்புப் பூண்டு, ஒவ்வொரு நாடும் தனித்தனியே சலுகை பறிப்பதை விடுத்து, கையெழுத்தான உடன்படிக்கைகளை எல்லாரும் நேர்மையாகப் பின்பற்றுவது, சீனத்தின் நிலப்பரப்பைத் துண்டாடாமல் இருப்பது, பூசல்களைப் படைகொண்டு தீர்க்காமல் நடுவண் அரசோடு பேசித் தீர்ப்பது என்ற உடன்பாட்டுக்கு அவர்களைக் கொண்டுவந்தார். ‘கூட்டுறவுக் கொள்கை’ என்று வரலாற்றில் பெயர் பெற்றது இதுதான். துறைமுக நகரங்களில் வெளிநாட்டினர் குடியிருக்க ஒதுக்கப்பட்ட பகுதிகளைச் சில நாடுகள் தம் சொந்த நிலமாகவே பாவிக்கத் தொடங்கியபோது, குடியிருக்கும் உரிமை வேறு, ஆளும் உரிமை வேறு, உடன்படிக்கையில் எழுதப்படாத அதிகாரம் யாருக்கும் இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். ஒப்பந்தத்தின் சொல்லைக் கொண்டு வலியவனைக் கட்டுப்படுத்துவது வழக்கறிஞரின் வேலை. அதையே அவர் அங்கு செய்தார்.

சீனத்தின் நம்பிக்கையை அவர் ஈட்டிய விதத்துக்கு ஒரு கப்பற்படை விவகாரம் நல்ல சான்று. சீனச் சுங்கத்துறையின் தலைவராக இருந்த ஆங்கிலேயர் ஹொரேஷியோ லே, பேரரசுக்காக இங்கிலாந்தில் போர்க்கப்பல்களை வாங்கி, ஷெரார்டு ஆஸ்பர்ன் என்ற தளபதியின் தலைமையில் 1863இல் கொண்டுவந்தார். பேரரசரின் கட்டளைகூடத் தம் வழியாக வந்தால்தான் தளபதி ஏற்பார் என்று லே செய்திருந்த ஏற்பாட்டைச் சீன அதிகாரிகள் ஏற்கவில்லை. கப்பல்களை அங்கேயே விற்றுவிட்டால் அவை கிளர்ச்சியாளர் கைக்கோ, அமெரிக்கத் தென் மாநிலக் கூட்டமைப்பின் கைக்கோ போய்ச்சேரும் அபாயமும் இருந்தது. இரு தரப்பும் பேச வழியின்றி நின்றபோது பர்லிங்கேம் இடைநின்று, கப்பல்களைத் திருப்பியனுப்பும் முடிவுக்கு எல்லாரையும் இணங்கச் செய்தார். லே பதவி இழக்க, அந்த இடத்துக்கு வந்த ராபர்ட் ஹார்ட் அடுத்த பல பத்தாண்டுகள் சீனச் சுங்கத்துறையை நடத்தினார். அமெரிக்க வணிகக் கப்பல்களை வேட்டையாடிய தென் மாநிலப் போர்க்கப்பலான அலபாமாவைச் சீனத் துறைமுகங்களில் அனுமதிக்கக் கூடாது என்ற ஆணையையும் பர்லிங்கேம் இளவரசர் கோங்கிடமிருந்து பெற்றார்.

இவற்றையெல்லாம்விட நெடுநாள் நின்றது ஒரு நூலுக்கு அவர் தந்த ஆதரவு. அமெரிக்கச் சமயப் பணியாளரான வில்லியம் மார்ட்டின், ஹென்றி வீட்டன் எழுதிய பன்னாட்டுச் சட்ட நூலைச் சீன மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்தார். வீட்டனும் வழக்கறிஞராக இருந்து தூதரான அமெரிக்கரே. டென்மார்க்கிலும் பிரஷ்யாவிலும் பணிபுரிந்தபோது கண்டறிந்ததைக் கொண்டு, நாடுகள் தமக்குள் கடைப்பிடிக்கும் விதிகளைத் தொகுத்து 1836இல் அந்நூலை வெளியிட்டிருந்தார். மார்ட்டினைச் சுங்லி யாமெனுக்கு அறிமுகம் செய்து நூலை ஏற்கச் செய்தவர்களில் பர்லிங்கேம் முதன்மையானவர். அது அச்சேறும் முன்பே அதன் பயன் தெரிந்துவிட்டது. பிரஷ்யாவும் டென்மார்க்கும் போரிட்டுக்கொண்டிருந்த 1864இல், ஒரு பிரஷ்யப் போர்க்கப்பல் சீனக் கடற்பகுதிக்குள் டேனிஷ் வணிகக் கப்பல்களைப் பிடித்தபோது, ஒரு நாட்டின் கரையோரக் கடல் அந்நாட்டின் ஆட்சிக்கே உட்பட்டது என்ற விதியை எடுத்துக்காட்டிச் சீன அதிகாரிகள் முறையிட, பிரஷ்யத் தூதர் கப்பல்களை விடுவிக்க நேர்ந்தது. அதன் பின்னர் நூல் அரசுச் செலவில் அச்சாகி, 300 படிகள் மாகாண அதிகாரிகளுக்கு வழங்கப்பட்டன. மேலைநாட்டவரின் சட்டத்தைக் கொண்டே மேலைநாட்டவரோடு வாதாடலாம் என்பதைச் சீனம் அறிந்துகொண்ட தருணம் அது.

விடுப்பில் தாயகம் சென்று 1866இல் திரும்பும் வழியில் அவர் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுவில் தங்கினார். அப்போது அங்கே இருந்த இளம் செய்தியாளர் மார்க் ட்வைன், நோயுற்று எழ முடியாமல் கிடந்தார். நடுக்கடலில் எரிந்துபோன ஹார்னெட் என்ற கப்பலிலிருந்து தப்பி, திறந்த படகில் 43 நாள் தத்தளித்துக் கரை சேர்ந்த மாலுமிகள் ஊர் மருத்துவமனையில் இருந்தனர். பர்லிங்கேம் ட்வைனைத் தூக்குப் படுக்கையில் அங்கே கொண்டுசெல்லச் செய்து, சாட்சிகளை விசாரிப்பதுபோல் மாலுமிகளிடம் தாமே கேள்விகளைக் கேட்க, ட்வைன் படுத்தபடி குறிப்பெடுத்தார். அந்தச் செய்தி அந்த எழுத்தாளரின் புகழுக்கு அடிகோலியது. தம்மினும் உயர்ந்தவர்களின் தோழமையைத் தேட வேண்டும் என்று பர்லிங்கேம் சொன்ன அறிவுரையை ட்வைன் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

சூ ஜியூ என்ற சீன அறிஞருக்கு அவர் செய்த மரியாதையும் குறிப்பிடத்தக்கது. உலக நாடுகளைப் பற்றிய புவியியல் நூலொன்றில் ஜார்ஜ் வாஷிங்டனைப் புகழ்ந்து எழுதிய சூ ஜியூ, வெளிநாட்டாரிடம் இணக்கமாக நடந்தார் என்ற குற்றச்சாட்டில் பதவி இழந்து, பல ஆண்டுகளுக்குப் பிறகு சுங்லி யாமெனில் மீண்டும் இடம்பெற்றவர். அவருக்கு 1867இல் அமெரிக்காவின் சார்பில் வாஷிங்டனின் உருவப்படத்தை பர்லிங்கேம் அளித்தார்.

அதே ஆண்டின் இறுதியில் அவருடைய வாழ்வு எதிர்பாராத திசையில் திரும்பியது. 1858இல் ஏற்பட்ட தியான்ஜின் உடன்படிக்கைகள் பத்தாண்டுகளுக்குப் பின் திருத்தப்படலாம் என்று வகுக்கப்பட்டிருந்தன. 1868இல் மேலைநாடுகள் ரயில் பாதை, தந்தி, சுரங்கம், உள்நாட்டு வணிகம் என்று புதிய சலுகைகளைப் போர் மிரட்டலோடு கேட்கும் என்று பீஜிங் அஞ்சியது. அந்த நாடுகளின் தலைநகரங்களுக்கே ஆள் அனுப்பித் தன் நிலையை எடுத்துச்சொல்ல அது விரும்பினாலும், மேலைநாட்டு மொழியும் முறையும் அறிந்த மூத்த அதிகாரி எவரும் அதனிடம் இல்லை. மற்றொரு சிக்கல் மரியாதை முறை பற்றியது. பேரரசர் முன் நெற்றி நிலத்தில் பட வணங்கும் வழக்கத்தை வெளிநாட்டுத் தூதர்கள் மறுத்துவந்தனர். சீனத் தூதர் வெளிநாட்டு மன்னர்களை வெறும் தலைவணக்கத்தோடு சந்தித்தால், அதே சலுகையைப் பீஜிங்கிலும் தர வேண்டிவரும். பதவியிலிருந்து விலகவிருந்த பர்லிங்கேம் பிரிவு விருந்தில், தாயகம் சென்றபின்பும் சீனத்துக்காகப் பேசத் தயார் என்று தெரிவிக்க, இளவரசர் கோங்கும் மூத்த அமைச்சர் வென்சியாங்கும் அதையே வழியாகக் கண்டனர். 1867 நவம்பரில் அவர் அமெரிக்கப் பதவியைத் துறந்து, சீனப் பேரரசின் சிறப்புத் தூதராக நியமனம் பெற்றார்.

அவரோடு சமநிலையில் சீகாங் என்ற மஞ்சு அதிகாரியும் சுன் ஜியாகு என்ற சீன அதிகாரியும் தூதர்களாக நியமிக்கப்பட்டனர். செயலர்களாக ஓர் ஆங்கிலேயரையும் ஒரு பிரெஞ்சுக்காரரையும் சேர்த்துக்கொண்டது, எந்த வல்லரசும் மனம் நோகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. முக்கிய முடிவுகளைப் பீஜிங்குக்கு எழுதிக் கேட்டே எடுக்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட கட்டுப்பாடு. ஏறத்தாழ 30 பேர் கொண்ட அந்தத் தூதுக்குழு, டிராகன் உருவம் பொறித்த மஞ்சள் கொடியோடு 1868 வசந்தத்தில் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியது. மேலைநாடுகளுக்குச் சீனம் முறைப்படி அனுப்பிய முதல் தூதுக்குழு அதுவே.

அமெரிக்காவில் கிடைத்த வரவேற்பு பெரிது. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் ஜூன் மாதத்தில் குழுவைச் சந்தித்தார். தாம் ஒருகாலத்தில் உறுப்பினராக இருந்த பிரதிநிதிகள் அவையில் பர்லிங்கேம் சீனத் தூதராக நின்று பேசினார். நியூயார்க்கில் ஜூன் 23 அன்று நடந்த விருந்தில், சீனத்தை மிரட்டித் திருத்த முயலாமல், அதன் விடுதலைக்கு இடமளித்து, தன் காலத்தில் தன் வழியில் வளர விட வேண்டும் என்று அவர் ஆற்றிய உரை மிகவும் பேசப்பட்டது. ஆனால் அந்த உரையிலேயே அவருடைய குறையும் தெரிந்தது. சீனம் மேலை வணிகத்தையும் கிறித்தவச் சமயப் பணியாளர்களையும் கைநீட்டி வரவேற்கக் காத்திருப்பதுபோல் அவர் வருணித்தது உண்மைக்கு ஒத்துவரவில்லை. பீஜிங் அரசவையின் நோக்கம் மாற்றத்தை விரைவுபடுத்துவதல்ல, தன் மீதான நெருக்குதலைத் தள்ளிப்போடுவதே. ஷாங்காய் போன்ற துறைமுகங்களின் வெளிநாட்டு வணிகர்கள் அவரைக் கடுமையாகத் தாக்கினர். அவருக்குப் பின் அமெரிக்கத் தூதராகச் சென்ற ராஸ் பிரவுனே அவர் சொன்னவற்றைப் பகிரங்கமாக மறுத்தார். கட்சிக்காரரின் வழக்கை உள்ளதைவிட அழகாகக் காட்டும் வழக்கறிஞரின் பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வாஷிங்டனில் 1868 ஜூலை 28 அன்று, வெளியுறவு அமைச்சர் வில்லியம் சூவர்டும் மூன்று தூதர்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, தியான்ஜின் உடன்படிக்கைக்குக் கூடுதலாகச் சேர்ந்த எட்டு விதிகளைக் கொண்டது. அதன் வாசகத்தைப் பெரும்பாலும் எழுதியவர் சூவர்ட். ஆயினும் பர்லிங்கேம் உடன்படிக்கை என்றே அது வழங்குகிறது. அமெரிக்க மண்ணில் பிறந்த எவரும் குடிமகனே, சட்டத்தின் சமமான பாதுகாப்பு எவருக்கும் மறுக்கப்படக் கூடாது என்று சொல்லும் அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் நிறைவேறிவிட்டதாக சூவர்ட் சான்றளித்ததும் அதே நாளில்தான்.

வெளிநாட்டினர் குடியிருக்க நிலம் ஒதுக்கியதால் சீனப் பேரரசர் அந்நிலத்தின் மீதான இறையாண்மையை இழக்கவில்லை என்று முதல் விதி கூறியது. அமெரிக்கத் துறைமுகங்களில் துணைத்தூதர்களை அமர்த்தும் உரிமை சீனத்துக்குக் கிடைத்தது. சமய நம்பிக்கைக்காக இரு நாட்டினரும் மற்ற நாட்டில் துன்புறுத்தப்பட மாட்டார்கள் என்றும், ரயில், தந்தி போன்றவற்றை எப்போது அமைப்பது என்பதைச் சீனமே முடிவு செய்யும், அமெரிக்கா தலையிடாது என்றும் விதிகள் அமைந்தன. ஆறாம் விதி, ‘மிகவும் வேண்டிய நாடு’ என்ற கோட்பாட்டைச் சீனருக்கும் நீட்டித்தது. அதாவது, வேறு எந்த நாட்டினருக்கும் அளிக்கப்படும் மிகச் சிறந்த நடத்துமுறை எதுவோ, அதுவே பயணத்திலும் குடியிருப்பிலும் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும். அதுவரை மேலைநாடுகள் சீனத்திடம் ஒருபக்கமாகப் பெற்றுவந்த சலுகை இங்கே இருபக்கமானது. எனினும் அதே விதியின் இறுதியில், குடியுரிமை வழங்குவதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்ற வரியும் சேர்ந்தது. அந்தச் சிறு வரி பின்னாளில் பெருந்துயருக்கு வாயிலாயிற்று.

உடன்படிக்கையின் உயிர் ஐந்தாம் விதியில் இருந்தது. ஒரு மனிதன் தன் வாழிடத்தையும் நாட்டுப் பற்றுறுதியையும் மாற்றிக்கொள்வது பிறப்போடு வந்த, பறிக்க இயலாத உரிமை என்று இரு அரசுகளும் அதில் ஒப்புக்கொண்டன. அத்துடன், ஒருவரின் முழு விருப்பமின்றி அவரைக் கடல் கடந்து கொண்டுசெல்வதைக் குற்றமாக்கச் சட்டம் இயற்றவும் உறுதியளித்தன. கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் பெருவின் எரு அள்ளும் தீவுகளுக்கும் ஏமாற்றியும் கடத்தியும் சீனர்களை ஏற்றிச்சென்ற கூலி வணிகத்தை நோக்கிய விதி அது. ஆங்கிலம் வழியாக உலகெங்கும் பரவிய அந்தச் சொல், உழைப்புக்குப் பெறும் ஊதியத்தைக் குறிக்கும் தமிழின் ‘கூலி’ என்பதிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. சீனர்கள் அதைக் ‘கசப்பான உழைப்பு’ என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதினர். நல்லெண்ணம் மட்டுமே இந்த விதியை உண்டாக்கவில்லை. சியரா நெவாடா மலைகளைக் குடைந்து ரயில் பாதை அமைத்த சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்துக்காக அப்போது பல்லாயிரம் சீனர்கள் உழைத்துக்கொண்டிருந்தனர்; தொழிலாளர் வரவு தடையின்றி இருப்பது அமெரிக்க முதலாளிகளுக்கும் தேவையாக இருந்தது. பீஜிங்கைக் கேளாமலேயே பர்லிங்கேம் கையெழுத்திட்டார். பீஜிங் நிதானமாகப் பார்த்து, 1869 நவம்பரில் தன் இறுதி ஒப்புதலை அளித்தது.

ஐரோப்பாவில் அமெரிக்காவைப்போல் ஆரவாரம் இல்லை. லண்டனில் விக்டோரியா அரசி வின்ட்சரில் குழுவைச் சந்தித்தார்; வெளியுறவு அமைச்சர் கிளாரண்டன் பிரபு 1868 டிசம்பரில் அளித்த எழுத்து உறுதியில், சீனத்தின் தன்னுரிமைக்குப் பொருந்தாத நெருக்குதலைப் பிரிட்டன் செலுத்தாது என்றும், உள்ளூர் அதிகாரிகள் மேல் பாயாமல் நடுவண் அரசிடமே முறையிடும் என்றும் தெரிவித்தார். ஒவ்வொரு துறைமுகச் சச்சரவுக்கும் பீரங்கிப் படகை அனுப்பிப் பழகிய நாட்டிடமிருந்து இந்தச் சொல்லைப் பெற்றதே, அவருடைய தூதுப் பணியின் மிகப் பெரிய வெற்றி. பாரிஸில் பல மாதம் காத்திருந்தும் மூன்றாம் நெப்போலியனின் அரசிடம் உறுதியான பதில் கிடைக்கவில்லை. ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன், தி ஹேக் வழியாகப் பெர்லின் சென்றபோது பிஸ்மார்க் இணக்கமாகப் பேசினார்.

1870 பிப்ரவரியில் குழு ரஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை அடைந்தது. சீனத்தோடு பல ஆயிரம் கிலோமீட்டர் எல்லையைப் பகிரும் ரஷ்யாவோடு பேசுவதே எல்லாவற்றிலும் கடினமான பணி. பிப்ரவரி 16 அன்று பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரைச் சந்தித்துத் திரும்பிய பர்லிங்கேம் நோயில் விழுந்தார். நுரையீரல் அழற்சி முற்றி, பிப்ரவரி 23 அன்று உயிர் நீத்தார். வயது 49. அவருடைய உடல் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, ஃபேனில் மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட பின், கேம்பிரிட்ஜின் மவுண்ட் ஆபர்ன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. சிங் அரசு அவருக்கு இறந்தபின் உயர்நிலை அதிகாரியின் தகுதியை வழங்கியது. சீகாங்கும் சுன் ஜியாகுவும் எஞ்சிய தலைநகரங்களுக்குச் சென்று, அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில் பீஜிங் திரும்பினர்.

அவர் மறைந்த அதே ஆண்டு ஜூலையில், குடியுரிமைச் சட்டத்திலிருந்து ‘வெள்ளையர்’ என்ற சொல்லை நீக்க வேண்டும் என்று செனட்டில் ஒரு குரல் எழுந்தது. எழுப்பியவர், 1856இல் எவருக்காக பர்லிங்கேம் எழுந்து பேசினாரோ அந்த சார்லஸ் சம்னர். அந்த முயற்சி தோற்றது. குடியுரிமை ஆப்பிரிக்க வம்சத்தினருக்கு நீட்டிக்கப்பட்டது, சீனருக்கு மறுக்கப்பட்டது. வாக்குரிமை இல்லாத மக்களைப் பகைப்பது எந்த அரசியல்வாதிக்கும் இழப்பாக இருக்கவில்லை. 1870இல் 63,199 ஆக இருந்த சீனர் எண்ணிக்கை 1880இல் 1,05,465 ஆயிற்று. நாட்டின் மொத்த மக்கள்தொகையில் இது மிகச் சிறு பங்கே. ஆனால் 1873இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் வேலை இழந்தோரின் சினம் கலிபோர்னியாவில் சீனர்கள் மேல் திரும்பியது. உடன்படிக்கையின் ஏழாம் விதி அரசுக் கல்வி நிலையங்களில் இடம் உண்டு என்று கூறியதை நம்பி, 1872 முதல் 120 சிறுவர்களை அமெரிக்காவில் படிக்க அனுப்பிய சீனம், அவர்களுக்குப் படைக் கல்லூரிகளில் இடம் மறுக்கப்பட்டதும் காரணமாக, 1881இல் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

இந்த வெறுப்பின் நடுவே பர்லிங்கேம் விட்டுச்சென்ற காகிதம் ஒரு கேடயமாக நின்றதை மறக்கக் கூடாது. ஒரு கப்பலில் 15 சீனருக்கு மேல் வரக் கூடாது என்று காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை, குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் 1879இல் அந்த உடன்படிக்கையைக் காட்டியே நிராகரித்தார். நிறுவனங்கள் சீனரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று கலிபோர்னியா தன் புதிய அரசியலமைப்பில் எழுதியதை, 1880இல் டிபுர்சியோ பாரட் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தபோதும், உடன்படிக்கையே முதன்மைச் சான்றாக நின்றது. ஆகவே கேடயத்தையே அகற்ற முற்பட்டனர். 1880இல் ஜேம்ஸ் ஏஞ்செல் அமெரிக்கத் தூதராகப் பீஜிங் சென்று, சீனத் தொழிலாளர் வரவை அமெரிக்கா கட்டுப்படுத்தலாம் என்ற புதிய உடன்படிக்கையைப் பெற்றுவந்தார். 1882இல் சீனர் விலக்குச் சட்டம் பிறந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் 12 ஆண்டுகள் வாழ்ந்து, திரும்பிவர அரசே அளித்த சான்றிதழோடு ஊர் சென்ற சே சான் பிங் என்ற தொழிலாளி, 1888 அக்டோபரில் திரும்பியபோது, அவர் கடலில் இருந்த நாட்களில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அந்தச் சான்றிதழ் செல்லாது என்று தடுத்து நிறுத்தப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 1889இல் உச்ச நீதிமன்றம், உடன்படிக்கையை மீறும் சட்டத்தையும் இயற்றக் காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தச் சொல்லின் வலிமையை நம்பி வாழ்ந்த வழக்கறிஞரின் வாதம், அவருடைய நாட்டின் மிக உயர்ந்த மன்றத்திலேயே தோற்றது. கலிபோர்னியாவில் வில்லியம் ரால்ஸ்டன் என்ற வங்கியாளர் அவர் பெயரைச் சூட்டிய பர்லிங்கேம் என்ற ஊர், சீனருக்குக் கதவடைத்த அந்தக் காலத்திலும் அந்தப் பெயரைத் தாங்கியே வளர்ந்தது. விலக்குச் சட்டம் 1943 டிசம்பரில், அமெரிக்காவும் சீனமும் இரண்டாம் உலகப் போரில் ஓரணியில் நின்றபோது நீக்கப்பட்டது. அப்போது உலகின் மிகப் பெரிய மக்கள்தொகை கொண்ட இனத்துக்கு அனுமதிக்கப்பட்ட குடியேற்ற அளவு, ஆண்டுக்கு 105 பேர்.